பிஹோல்டில் தொடங்கும் இங்கிலீஷ்

என் தங்கை வீட்டுக்காரருக்கு இரண்டு இங்கிலீஷ் தெரியும். ஒன்று, மாமல்லபுரம் கடைத்தெருவில் எல்லோரும் பேசுவது. கம் சார், லுக் சார், நைஸ் ஸ்டோன், வெரி சீப். இன்னொன்று, ‘பிஹோல்ட்’, அதாவது ‘இதோ பார்’ என்று தொடங்கி மூச்சு விடாமல் ஓடி, கடைசி வாக்கியத்தில் கடைசி ரதத்தைத் தொட்டு நிற்பது. முதலாவதை வைத்துக்கொண்டு சங்கும் பாசிமணியும் விற்றார். இரண்டாவதை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்களுக்கு ஐந்து ரதங்களைச் சுற்றிக் காட்டினார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அவருக்கு வழி தெரியாது.

நான் அப்போது செங்கல்பட்டு கோர்ட்டில் நகல் எடுக்கும் பிரிவில் குமாஸ்தா. எதற்கும் தேதி போட்டு வைப்பது என் வழக்கம். வீட்டில் புது விளக்குமாறு வாங்கினால்கூட அதன் பிடியில் தேதி எழுதியிருப்பேன் என்று தங்கை கேலி செய்வாள். கேலி பாதிதான். எனவே அந்த இரண்டாவது இங்கிலீஷை நான் முதன்முதலாக முழுதாகக் கேட்டது 1973ஆம் வருடம், மார்கழி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

தங்கை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருந்தாள். அங்கே நாஸ்தாவை முடித்துக்கொண்டு ரதங்களுக்கு நடந்து போனேன். மாப்பிள்ளை கல் சிங்கத்தின் பக்கத்தில் நின்று, வலது கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. பத்து வாக்கியம் போயிருக்கும். அந்த அம்மாள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

மாப்பிள்ளை நிறுத்தினார். சிரித்தார். கையை மறுபடி உயர்த்தி, ‘பிஹோல்ட்’ என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவர்கள் போன பிறகு நான் கேட்டேன். “இன்னா மாப்ள, அந்தம்மா தண்ணிதானே கேட்டுச்சி?”

“தெரியும் மச்சான்.”

“தெரிஞ்சா சொல்றதுதானே?”

“பாடத்துல தண்ணி வரலியே. நடுவுல நிறுத்தினா வுட்ட எடம் கெடைக்காது. மொதல்லேர்ந்துதான் வரணும்.”

அவரும் நானும் ஒரே வயது. அவரை ‘மாப்ள’ என்றும் ‘நீ’ என்றும்தான் கூப்பிடுவேன். எழுதும்போது மட்டும் ‘அவர்’ என்று வந்துவிடுகிறது.

‘பாடம்’ என்று அவர் சொன்னது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ எழுதிய ஒரு வழிகாட்டிப் புத்தகம். அதைக் கண்ணால் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. ஒரு வழிகாட்டி சொல்ல இன்னொருவர் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, அவரிடமிருந்து அடுத்தவர் என்று வந்திருக்கிறது. ரதங்களின் அருகே நின்ற நாலைந்து பேரும் அதே பாடத்தைத்தான் சொன்னார்கள். கூட்டமான நாட்களில் ஒருவர் கல் யானையிடம் நின்று சொல்லும் வாக்கியத்தை, இன்னொருவர் குடிசை போன்ற சின்ன ரதத்திடம் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். கல்லுக்கும் சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை. பாடம் அதன் பாட்டுக்கு ஓடும், அவர்கள் அதன் பின்னால் நடப்பார்கள்.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அடுத்த வருடம் கோடையில் அரசாங்கத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் தேர்வில் தேறி, சட்டையில் அரசாங்க வில்லை குத்திக்கொண்டவர் மட்டும்தான் சுற்றிக்காட்டலாம், தேர்வு பாக்கி இருப்பவர்கள் அதுவரை பழையபடி தொடரலாம். தேர்வு செங்கல்பட்டில் நடக்கும். தவறினால் இன்னொரு முறை வரலாம். அதற்குமேல் இல்லை.

சங்கு விற்பது மட்டும் போதாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் அண்ணன் செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டுகிறவர். ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. வில்லை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு அங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். போனால் தங்கை கடையை மூட வேண்டும். அவள் அந்தக் கடையைத் தன் கையால் தூக்கி நிறுத்தியவள். கூரைக்கு ஓலைகூட அவளே பேரம் பேசி வாங்கினாள்.

“சவுக்கு வெட்றதுல தப்பில்ல. ஆனா நான் அங்க போய் இன்னா பண்ணட்டும்? மரத்துக்கு இட்லி சுடவா?” என்றாள் என்னிடம்.

முதல் தேர்வு அந்த வருடம் ஆவணியில். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஒரு பழைய அரசுக் கட்டடம். நான் தாழ்வாரத்தில் நின்றேன், கதவு திறந்திருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் கண்ணாடி போட்ட அதிகாரி. மற்றவர் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர். இருவரும் தன்மையானவர்கள். மாப்பிள்ளையை உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றுகொண்டார். உட்கார்ந்தால் பாடம் வராது.

‘பிஹோல்ட்’ என்று தொடங்கினார். நன்றாகவே போயிற்று. நான்காவது வாக்கியத்தில் பேராசிரியர் கையைக் காட்டி, இந்த ரதங்கள் எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றன என்று எளிய இங்கிலீஷில் கேட்டார்.

மாப்பிள்ளை நிறுத்தினார். சிரித்தார். நான் தாழ்வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

‘பிஹோல்ட்.’

பேராசிரியர் பொறுமையாக மறுபடி கேட்டார். மறுபடி பிஹோல்ட். தமிழிலேயே கேட்டார். மாப்பிள்ளை தமிழில், “மேக்கு சார், ஒண்ணு மட்டும் தெக்கு” என்று சரியாகச் சொல்லிவிட்டு, பாடத்தைத் தொடர வாயைத் திறந்தார். வந்தது பிஹோல்ட்தான். அதிகாரி தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது மாப்பிள்ளை சொன்னார். “மச்சான், அவரு கேட்டதுக்குப் பதிலு எனக்குத் தெரியும். ஆனா அந்த பதிலுக்கு எடம் எங்க கீது? பாடம் பூரா அடைச்சிகினு கீதே.”

வீட்டில் தங்கை எங்கள் இருவரையும் பார்த்த உடனே புரிந்துகொண்டாள். “இன்னாயா, பிஹோல்டா?”

“ஆமா.”

“எத்தன தபா?”

அவர் நாலு விரலைக் காட்டினார். அவள் கரண்டியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். “அண்ணே, நீ கோர்ட்டுல இங்கிலீஷ்லயே எழுதற. இவரு இங்கிலீஷ்லயே பேசறாரு. ரெண்டு பேரும் சேந்து ஒரு தண்ணி எங்க கீதுன்னு சொல்ல முடியல.”

அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த தேர்வு வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் மாமல்லபுரம். அந்தப் பாடத்தை உடைத்தே ஆக வேண்டும்.

முதலில் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. அவரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, செங்கல்பட்டு நூலகத்தில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு பெரிய அகராதி இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும், ஒவ்வொரு பொருளுக்கும், அது எப்போது வழக்கில் வந்தது என்று காலம் போட்டிருக்கும். தேதிப் பைத்தியமான எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மாலை ஆறு மணிக்கு மேல் நூலகர் சாவிக்கொத்தைக் குலுக்கும்வரை அதிலேயே கிடந்தேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் தெளிந்தது. பாடத்தில் தப்பான இங்கிலீஷ் ஒன்றுமே இல்லை. எல்லாம் வயதான இங்கிலீஷ். கடைசி ரதத்தை அது ‘ஆஃபுல்’ என்றது. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு மகா மோசம் என்று பொருள். ஆனால் அந்தப் பொருள் ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் பல நூறு வருடம், பார்த்தவன் மனதில் பயமும் பக்தியும் சேர்ந்து வரச் செய்வதுதான் ஆஃபுல். கூரைச் செதுக்கலை ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்றது. இன்றைக்குப் போலி. பழைய பொருள், கைத்திறனோடு செய்தது. தூண்களை ‘க்யூரியஸ்’ என்றது. விசித்திரம் என்று நான் நினைத்திருந்தேன். பழைய நாளில் அது மிகுந்த கவனத்தோடு, நுணுக்கமாகச் செய்யப்பட்டதைக் குறிக்கும். ரதங்களைப் பற்றி ‘வல்கர்’ சொல்லும் கதை என்று ஒரு வாக்கியம் வந்தது. ஆபாசக் கதை இல்லை. சாதாரண ஜனங்கள் சொல்லும் கதை. யானையைச் சொன்ன ‘ப்ரொடிஜியஸ்’ என்ற சொல் முதலில் கெட்ட சகுனத்துக்கு உரியதாக இருந்து, பிறகு மிகப் பெரியது என்றாகியிருக்கிறது.

பாடத்தைக் கேட்ட சில வெள்ளைக்கார அம்மாள்கள் நடுவில் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது விளங்கியது. வா அம்மா, இந்த மகா மோசமான போலிக் கோவிலைப் பார் என்று மாப்பிள்ளை கையை உயர்த்திச் சொன்னதாக அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் சொன்னேன். இட்லிக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

“நைஸ்னு தினம் சொல்றேனே. அதுக்கு?”

அதையும் பார்த்து வைத்திருந்தேன். “இப்ப நல்லதுன்னுதான் அர்த்தம். ரொம்ப முன்னாடி, ஒண்ணும் தெரியாதவன், முட்டாள்.”

“அய்யய்யோ. நைஸ் சார், நைஸ் சார்னு எத்தன பேர கூப்ட்டுகீறேன்!”

“பரவால்லய்யா, செல பேருக்கு ரெண்டு அர்த்தமும் பொருந்தும்” என்றாள் தங்கை உள்ளேயிருந்து.

என் யோசனை எளிமையானது. பழைய சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, இன்றைய சொற்களைப் போட்டுப் புதுப் பாடம் எழுதித் தந்துவிடுவது. ஒரு பக்கம் எழுதியும் போயிருந்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால் தமிழ் எழுத்தில் எழுதினேன். இரண்டு வாரத்தில் அதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். நடுவில் நிறுத்தி, இந்த யானை ஒரே கல்லா என்று கேட்டேன். சிரித்தார். என் பாடத்தின் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கினார். கிழட்டுப் பாடத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் இளம் பாடத்தை உட்கார வைத்திருந்தேன், அவ்வளவுதான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வாரம் முழுவதும் நகல் எடுத்துக்கொண்டே இதையே யோசித்தேன். பாடத்தில் ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடி விட வேண்டும். வாக்கியம் வாக்கியத்தைப் பிடிக்காமல் கல்லைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, வரிசையைத் தலைகீழாக்குவது.

அந்த ஞாயிறு, வெயில் ஏறும் முன், கூட்டம் வராத வேளையில் அவரைக் கடைசி ரதத்திடம் கொண்டுபோய் நிறுத்தினேன். ஐந்தில் அதுதான் உயரம். “இங்கேர்ந்து ஆரம்பி. வடக்கால போய் முடி” என்றேன்.

“இது கடசி வரி மச்சான்.”

“அதான். கடசி வரிய மொதல்ல சொல்லு.”

வரவில்லை. பாடத்தை மனதுக்குள் முழுதும் ஓட்டினால்தான் கடைசி வரி கிடைத்தது. உதடு அசைவதைப் பார்த்தே கண்டுபிடித்தேன். மனதுக்குள் ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஒரு சொல் மட்டும் வந்தது. “ஆஃபுல்.”

“அது போதும். அந்த வார்த்த இந்த எடத்தோடது. வேற எங்கயும் சொல்லக் கூடாது.”

அப்படித்தான் ஆரம்பித்தோம். உளித்தடம் தெரியும் அடிப்பாகத்தில் ‘ஹ்யூன்’, அதாவது வெட்டிச் செதுக்கியது. முடிக்காமல் கரடுமுரடாக விட்ட பின்புறத்தில் ‘ரூட்’, இன்றைக்கு மரியாதையற்றது, அன்றைக்குச் செப்பமிடாதது. உட்கார்ந்த சிங்கங்கள் தாங்கும் தூண்களில் ‘க்யூரியஸ்’. யானையிடம் ‘ப்ரொடிஜியஸ்’. ஒரு நாளைக்கு ஒரு சொல்லோ இரண்டோ, அதற்குமேல் இல்லை. சொல்லும்போது அந்தக் கல்லைக் கையால் தொட வேண்டும் என்பது விதி. அடுத்த வாரம் வந்ததும் எங்காவது நடுவில் நிறுத்திக் கேட்பேன். பிஹோல்ட் என்று வந்தால் அன்றைக்கு இருவருக்கும் டீ கிடையாது.

மற்ற வழிகாட்டிகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கத்தினார். “இன்னா அண்ணாத்த, கோயில அப்பிரதட்சிணமா சுத்தறீங்க? யாருக்குக் காரியம்?”

“பாடத்துக்கு” என்றார் மாப்பிள்ளை. அந்தப் பதிலும் பாடத்தில் இல்லாதது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தங்கைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. இடமிருந்து வலமாகத்தான் கோவிலைச் சுற்றுவது வழக்கம், எதிர்த்திசையில் சுற்றுவது ஆகாது என்றாள். பூசை நடக்காத கல் என்று நான் சொன்னேன். “கல்லுக்குத் தெரியுமா பூசை நடக்கலன்னு?” என்று கேட்டாள். ஆனாலும் ஞாயிறுதோறும் எங்களுக்கு இட்லியைத் தனியாக எடுத்து வைத்தாள்.

தை பிறந்த பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. ஆஃபுலை விட்டுவிடச் சொன்னேன். மற்ற பழைய சொற்கள்கூடப் பரவாயில்லை, இது ஒன்றுக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள், தேர்விலும் சிரிப்பார்கள் என்றேன். மறுத்துவிட்டார்.

“வுட மாட்டேன் மச்சான். அந்த வார்த்தைக்குத்தான் எல்லாரும் தலைய நிமித்திப் பாக்கறாங்க.”

“சிரிக்கறாங்க மாப்ள.”

“சிரிக்கட்டுமே. நிமிந்துட்டுச் சிரிக்கறாங்களா இல்லியா?”

“புதுசா ஒரு வார்த்த சொல்றேன். க்ரேட்னு சொல்லு.”

“ஓட்டல்ல காப்பிக்குக்கூட க்ரேட்னுதான் சொல்றாங்க. நான் கேட்டுகீறேன்.”

நான் கோபித்துக்கொண்டு பகல் பஸ்ஸிலேயே கிளம்புவதாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் தனியாக வந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. மாப்பிள்ளை அவரைக் கடைசி ரதத்துக்கு அழைத்துப் போனார். நான் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

கல்லைத் தொட்டு, “ஆஃபுல், மேடம்” என்றார். அந்த அம்மாள் எதிர்பார்த்தபடியே சிரித்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“ஓல்டு இங்கிலீஷ், மேடம்” என்றது மாப்பிள்ளையின் குரல். “நவ் யூ சே, பேட். பிஃபோர், நோ பேட். பிஃபோர், பிக். லைக் காட். யூ லுக், யூ அஃப்ரைடு.”

சிரிப்பு நின்றது. அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார். பிறகு, எப்போதிலிருந்து பொருள் மாறியது என்று கேட்டார். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். “எப்பலேர்ந்து மச்சான்?” நான் சொன்னேன். அவர் அதை அந்த அம்மாளிடம் சொல்லி, “மை பிரதர்-இன்-லா. கோர்ட்” என்று என்னையும் சான்றாகச் சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் தூணைப் பற்றிக் கேட்டார். மாப்பிள்ளை க்யூரியஸ் என்றார், கேர்ஃபுல் வொர்க் என்றார். கரடுமுரடான பகுதியைப் பற்றி அந்த அம்மாள் கேட்டார். இவர் ரூட் என்றார், நாட் ஃபினிஷ்டு, மேடம், ஒர்க்கர் கோ, நோ கம் என்றார். எல்லாம் சங்கு விற்கிற இங்கிலீஷ்தான். பழைய சொல்லை எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பொருள் சொல்லக் கடைத்தெரு இங்கிலீஷுக்குத் தாவினார். பொருள் சொல்லி முடித்ததும் அடுத்த கல்லுக்கு நடந்தார். யானையிடம் வந்தபோதுதான் அவருக்கே உறைத்தது. நடுவில் பத்து முறை நின்றிருக்கிறார், ஒரு முறைகூடப் பிஹோல்டுக்குப் போகவில்லை. அந்த அம்மாளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு சொல்லையும் விடச் சொல்லவில்லை. என் வேலை மாறிவிட்டது. ஒவ்வொரு பழைய சொல்லுக்கும் முன்பு என்ன, இப்போது என்ன, எப்போது மாறியது என்று அகராதியில் பார்த்துவந்து சொல்வேன். அவர் அதைத் தன் இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பார். ஒரு சொல்லுக்கு மட்டும் என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. வெள்ளைக்காரர்கள் பழைய நாளில் ஊரையே ஏழு பகோடா என்று அழைத்தார்கள். கோவிலைக் குறிக்கும் அந்தச் சொல் பதினாறாம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷுக்குப் போய்விட்டது. எந்த மொழியிலிருந்து கிளம்பியது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. தெரியாது என்றே சொல்லு என்றேன். “ஏழு பக்கோடாவா? நம்ம கடையில ஒரு பொட்டணத்துல அதுக்கு மேலயே இருக்கும்” என்றாள் தங்கை.

மாசி மாதம் செய்யூரிலிருந்து அண்ணன் ஆள் அனுப்பினார். பங்குனியில் புதுத் தோப்பு வெட்டத் தொடங்குகிறார்கள், அதற்குள் வந்து சேரச் சொல்லி. தங்கை அந்த ஆளுக்குச் சாப்பாடு போட்டாள். “தேர்வு முடியட்டும், சொல்றோம்” என்றாள். அவர் போன பிறகு கடைக்குள் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதை எடுத்துப் போவது, எதை விற்பது என்று கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன். ஆணி கழன்ற ஒரு பலகையைச் சுத்தியால் தட்டிச் சரிசெய்தாள்.

இரண்டாவது தேர்வும் அதே கட்டடம், அதே தாழ்வாரம், அதே இருவர். நாங்கள் யோசிக்காத ஒன்று உள்ளே போனதும்தான் தெரிந்தது. அந்த அறையில் கல் இல்லை. ஆறு மாதமாக ஒவ்வொரு சொல்லையும் ஒரு கல்லில் கட்டி வைத்திருந்தோம். கையை நீட்டித் தொட அங்கே ஒன்றும் இல்லை.

பேராசிரியர், தொடங்கலாம் என்றார். மாப்பிள்ளையின் வலது கை காற்றில் எதையோ தேடியது. உதடு அசையத் தொடங்கியது. அந்த அசைவு எனக்குத் தெரியும், உள்ளே பாடம் ஓடத் தொடங்கிவிட்டது. பி என்ற எழுத்துக்கு உதடு ஒட்டியதுகூடத் தெரிந்தது.

ஒட்டிய உதட்டை அப்படியே இறுக்கிக்கொண்டார். பிறகு மேசையைப் பார்த்தார்.

“சார், ப்ளீஸ். திஸ், ஐ டேக்?”

அதிகாரி தலையசைத்தார். மாப்பிள்ளை மேசை மேலிருந்த மைக்கூட்டை எடுத்து ஓர் ஓரத்தில் வைத்தார். அதன் பக்கத்தில் ரப்பர் முத்திரை, அதற்கடுத்து நீளவாட்டில் குண்டூசிப் பெட்டி, கடைசியில் உயரமான தண்ணீர்ச் செம்பு. நாலும் ஒரே கோட்டில். தள்ளி, ஒரு டீ கிளாஸைத் தனியாகத் திருப்பி வைத்தார். அதன் அருகே, காகிதம் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டு. அதுதான் யானை. அறையில் ஐந்து ரதங்கள் வந்துவிட்டன.

செம்பில் கையை வைத்தார். “சார், ஆஃபுல்.”

பேராசிரியர் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, இதை ஏன் ஆஃபுல் என்கிறீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை சொன்னார். ஓல்டு இங்கிலீஷ், நவ் பேட், பிஃபோர் காட். எப்போது மாறியது என்றும் சேர்த்துச் சொன்னார். பேராசிரியர் வேண்டுமென்றே நடுவில் குறுக்கிட்டார் என்று நினைக்கிறேன். எந்தத் திசை என்று கேட்டார். “வெஸ்ட், சார். திஸ் ஒன் ஒன்லி, சவுத்” என்று டீ கிளாஸைக் காட்டினார். செம்பின் பின்புறம் எப்படி இருக்கும் என்று அதிகாரி கேட்டார்.

“பேக் சைடு, சார்? ஃப்ரம் தேர், யூ நோ சீ. ப்ளீஸ் கம்.”

அதிகாரி ஒரு கணம் பேராசிரியரைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். பேராசிரியரும் வந்தார். மாப்பிள்ளை இருவரையும் அழைத்துக்கொண்டு மேசையை எதிர்த்திசையில் சுற்றினார். ஒவ்வொரு பொருளிலும் நின்று, தொட்டு, பழைய சொல்லை வைத்து, பொருள் சொல்லி நடந்தார். பகோடா எந்த மொழிச் சொல் என்று பேராசிரியர் கேட்டபோது, “பிக் பீப்பிள் ஃபைட், சார். ஐ டோன்ட் நோ” என்றார். அதற்குத்தான் பேராசிரியர் சிரித்தார்.

உடனே முடிவு சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, பேச்சு இன்னும் திருந்த வேண்டும், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம், அதுவரைக்கும் இது செல்லும் என்று சொல்லி வில்லை கொடுத்தார்கள். பித்தளை. அதை முதலில் சட்டையில் குத்தியது தங்கைதான். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். செய்யூர் ஆள் மறுபடி வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம், “அவங்கண்ணன் கிட்ட சொல்லு. சவுக்கு வெட்ட வேற ஆள பாக்கட்டும். இவருக்கு இங்க வேல கீது. எனக்கும் கீது” என்றாள். மூன்று இட்லியை அவர் தட்டில் கூடுதலாக வைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு நான் போனபோது, ஒரு வெள்ளைக்காரக் கும்பல் அவரோடு கடைசி ரதத்திலிருந்து யானையை நோக்கி வந்துகொண்டிருந்தது. வடக்கு முனையில் வேறொருவர் பிஹோல்ட் என்று தொடங்கும் சத்தமும் கேட்டது. அவருக்கு இன்னும் தேர்வு பாக்கி இருந்தது. தனக்கும் தலைகீழாகச் சுற்றச் சொல்லித்தர முடியுமா என்று அதற்கு முந்தின வாரமே மாப்பிள்ளையைக் கேட்டிருந்தார்.

கும்பலில் ஒரு பெண் வெயில் தாங்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

மாப்பிள்ளை நின்றார். பேருந்து நிலையம் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

“மை வைஃப் ஷாப், மேடம். குட் வாட்டர், குட் இட்லி. ஃபைவ் மினிட்ஸ்” என்றார். பிறகு பக்கத்திலிருந்த கல்லின் முதுகில் உள்ளங்கையை வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். “நவ், திஸ் எலிபென்ட். ப்ரொடிஜியஸ்.”